ஒரு நாற்காலியின் மூன்று மேலாடைகள்

பழைய மரப்பொருள் ஒன்றை வீட்டிலேயே புதுப்பிக்க முற்படுகிறவர், ஒரு வரலாற்று நூலைக் கடைசி ஏட்டிலிருந்து பின்னோக்கிப் படிக்கத் தொடங்குகிறார். நேற்றுப் பூசியது மேலே இருக்கிறது. அதற்கு முந்தியது அதன் அடியில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், முதலில் அதைச் செய்த தச்சரின் கை இருக்கிறது. இதை உணர்ந்து படிக்கிறவர்கள் சிலர். உணராமல் ஏடுகளைக் கிழித்துவிடுகிறவர்கள் பலர். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவனாகத் தொடங்கினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் பல்லாண்டுகளாக ஒரு கைநாற்காலி கிடந்தது. தேக்கு மரத்தில் செய்து, இருக்கைக்குப் பிரம்பு பின்னியது. தாத்தாவின் காலத்தது. பிரம்பு அறுந்து, ஒரு கால் ஆட்டம் கண்டு, பச்சை வண்ணம் ஆங்காங்கே உரிந்து, பார்ப்பவர் இரக்கம் கொள்ளும் நிலையில் இருந்தது. பழைய சாமான் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம் என்று பிள்ளைகள் கூறினர். பணி ஓய்வு பெற்றிருந்த நான், ஒரு கோடையில் அதைப் புதுப்பித்துக் காட்டுகிறேன் என்று புறப்பட்டேன். அந்த ஒரு மாத உழைப்பு, நான் எண்ணியிராத பல நாடுகளுக்கும் நூற்றாண்டுகளுக்கும் என்னை அழைத்துச் சென்றது.

பச்சை வண்ணம்

மேலே இருந்தது எனாமல் பூச்சு. அதைப் பூசியவன் நானேதான். 1974-இல் வீட்டில் ஒரு திருமணம் நடந்தபோது, சன்னல் கம்பிகளுக்கு வாங்கிய வண்ணத்தில் மிஞ்சியதை நாற்காலிக்கும் அடித்துவிட்டேன். அக்காலத்தில் அது ஒரு முன்னேற்றமாகவே தோன்றியது. செயற்கைப் பிசினையும் எண்ணெயையும் இணைத்துச் செய்யும் இவ்வகை வண்ணங்கள் 1920-களில் மேலைநாடுகளில் உருவாயின. தூரிகை பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரே நாளில் பூசிவிடலாம், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். நம் நாட்டிலும் வண்ண நிறுவனங்கள் வளர்ந்தன. ஏஷியன் பெயின்ட்ஸ் மும்பையில் தொடங்கப்பட்டது 1942-இல். விடுதலைக்குப் பின் வந்த ஆண்டுகளில், தேக்கின் வரிகளும் ஈட்டியின் கருஞ்சிவப்பும் பல வீடுகளில் இந்த வண்ணங்களுக்குள் மறைந்துபோயின.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய எனாமல் வண்ணங்கள் பலவற்றில் காரீயம் கலந்திருந்தது. மஞ்சளும் பச்சையும் இதில் முதன்மையானவை. காரீயக் குரோமேட்டு என்னும் மஞ்சள் நிறமியோடு நீல நிறமியைச் சேர்த்தே ஒருவகைப் பச்சை செய்யப்பட்டது. வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் வெளியிடப்பட்டது 2016-இல்; நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஆகவே பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவது தீங்கானது. சிறு குழந்தைகளுக்கு மிகவும் தீங்கானது. வண்ணத்தை ஈரமாக்கியோ, வண்ணநீக்கி தடவி இளகச் செய்தோ, திறந்த வெளியில் வழித்தெடுக்க வேண்டும். கையுறையும் முகக்கவசமும் வேண்டும். வழித்த கழிவைத் தோட்டத்து மண்ணில் கொட்டலாகாது.

இதை அறிவதற்கு முன்பே இடது கைப்பிடியின் மேல் வண்ணநீக்கியை வாரிப் பூசி, உரிந்ததை உரித்து, மிஞ்சியதை முரட்டு உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளிவிட்டேன். அரை நாளில் வெளிறிய புதுத்தேக்கு பளிச்சென்று வெளிப்பட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பிரம்பு பின்னுவதற்கு வந்த முதிய ஆசாரி, அந்தக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கைச் சட்டத்தின் அடிப்புறத்தைக் காட்டினார்.

“ஐயா, இங்க பாருங்க. பச்சை எட்டாத இடம். இது வார்னிஷ். அதுக்கும் உள்ளே இருக்கிறது அரக்கு. தோலோட சேர்த்துச் சதையையும் உரிச்சுட்டீங்களே.”

அப்போதுதான் நாற்காலி மூன்று மேலாடைகள் உடுத்தியிருந்தது எனக்குத் தெரிந்தது.

வார்னிஷ்

இரண்டாவது பூச்சு என் தந்தையார் காலத்தது. அவர் பழைய பூச்சைச் சுரண்டவில்லை. துடைத்துத் தூய்மை செய்து, அதன் மேலேயே எண்ணெய் வார்னிஷ் பூசியிருந்தார்.

எண்ணெய் வார்னிஷின் வரலாறு நீண்டது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய நாட்டில் வாழ்ந்த துறவியாகக் கருதப்படும் தியோபிலஸ் என்பவர், ஓவியம், கண்ணாடி, உலோகம் ஆகிய கலைகளைப் பற்றி இலத்தீனில் ஒரு கைந்நூல் எழுதினார். ஆளிவிதை எண்ணெயையும் மரப்பிசினையும் சேர்த்து நெருப்பில் காய்ச்சி வார்னிஷ் செய்யும் முறை அதில் உள்ளது. ஆலயங்களுக்கான பொருள்களைச் செய்யும் கைவினைஞரை மனத்தில் வைத்தே அவர் அந்நூலை எழுதினார். பின்னர்ப் பிசின்கள் மாறின. டர்பன்டைன் தைலம் சேர்ந்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை.

இந்த வார்னிஷ் உலரும் விதத்தைப் புரிந்துகொள்வது நமக்கு இன்றியமையாதது. தண்ணீர் ஆவியாகித் துணி காய்வதுபோல அது காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்த்து வேறொரு பொருளாகவே மாறி இறுகுகிறது. இறுகியது மீண்டும் எண்ணெயாகாது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கறுக்கும், வெடிக்கும். அப்போது அதைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நான் பூசிய எனாமலும் இதே இனம்தான்.

ஐரோப்பியருக்கும் தங்கள் வார்னிஷ் மனநிறைவு தரவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்தும் சப்பானிலிருந்தும் கப்பலில் வந்த கருமையும் பளபளப்புமான பெட்டிகளும் மடக்குத் தட்டிகளும் அவர்களை மயக்கின. அங்கே வளரும் ஒருவகை மரத்தின் பாலைப் பல படலங்களாகப் பூசிச் செய்தவை அவை. சீனத்தில் செய்த அந்தத் தட்டிகள் நம் சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பா சென்றமையால், ‘கோரமண்டல் தட்டிகள்’ என்றே இன்றும் அழைக்கப்படுகின்றன. செய்த ஊர் மறைந்து, ஏற்றிய கரையின் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த மரப்பாலைக் கப்பலில் நெடுந்தூரம் கொண்டுசெல்ல இயலவில்லை. ஆகவே அதன் இரகசியத்தை அறியப் பலரும் முயன்றனர். அவர்களுள் இயேசு சபைத் துறவியர் குறிப்பிடத்தக்கவர். உரோமையில் சபையின் கல்லூரி அருங்காட்சியகத்தைப் பேணிவந்த பிலிப்போ பொனானி, ‘சீன வார்னிஷ்’ எனப்பட்டதைக் குறித்துத் தனிநூல் ஒன்றை 1720-இல் வெளியிட்டார். பெய்ஜிங்கில் பணியாற்றிய பியர் தன்கார்வில் அங்கேயே இருந்து அந்தத் தொழிலைக் கண்டு எழுதிய குறிப்பு, அவர் இறந்தபின் 1760-இல் பாரிசில் அச்சாயிற்று. கிடைக்காத மரப்பாலுக்கு மாற்றாக ஐரோப்பியக் கைவினைஞர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் முதன்மையானது, இந்தியாவிலிருந்து சென்ற அரக்கு. இங்கிலாந்தில் 1688-இல் வெளியான ஸ்டாக்கர், பார்க்கர் ஆகியோரின் நூல் அரக்கு வார்னிஷ் செய்யும் முறைகளைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தது.

இவ்வாறு வார்னிஷின் கதையைத் தொடர்ந்து சென்றால், அது எங்கள் நாற்காலியின் மூன்றாவது பூச்சில் கொண்டுவந்து சேர்க்கிறது.

அரக்கு

அரக்கு என்றதும் நமக்குப் பாரதக் கதையின் அரக்கு மாளிகை நினைவுக்கு வரும். முத்திரை இடுவதும் நினைவுக்கு வரும். மரத்துக்கு அழகூட்டும் பூச்சாக அது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்தது என்பதற்கு, வெளிநாட்டார் ஒருவரின் சான்று உண்டு. யான் ஹியூகன் வான் லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர், 1583 முதல் சில ஆண்டுகள் கோவாவில் பேராயரின் செயலராகப் பணியாற்றினார். ஊர் திரும்பியபின் 1596-இல் வெளியிட்ட பயண நூலில், இந்தியர் கட்டில், நாற்காலி, முக்காலி முதலிய கடைச்சல் வேலைப்பாடுகளுக்கெல்லாம் நிறம் சேர்த்த அரக்கைப் பூசிப் பளபளக்கச் செய்வதை வியப்போடு விவரிக்கிறார். கடைச்சல் பொறியில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உராய்வின் சூட்டில் அது உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். நம் மரச்செப்புகளில் இன்றும் காணும் வேலை அதுவே.

அரக்கு மரத்தின் பிசினன்று. ஒரு பூச்சியின் கொடை. புரசு, இலந்தை, வடநாட்டில் குசும் எனப்படும் மரம் ஆகியவற்றின் இளங்கிளைகளில் மிகச் சிறிய பூச்சிகள் ஆயிரக்கணக்கில் குடியேறுகின்றன. பெண்பூச்சி கிளையில் வாய் பதித்த இடத்திலேயே வாழ்நாள் முழுதும் இருந்து, தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரந்து ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. குஞ்சுகள் வெளியேறும், தாய் அதனுள்ளேயே மடியும். இலட்சக்கணக்கான பூச்சிகள் கூடித் தருவதால் ‘லாட்சை’ என்னும் வடசொற் பெயர் ஏற்பட்டது என்பர். இப்பூச்சியை ஆராய்ந்து பாட்னாவிலிருந்து ஜேம்ஸ் கெர் எழுதிய கட்டுரை 1781-இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் வந்தது. இன்று இப்பூச்சி இனத்தின் அறிவியற் பெயரில் அவர் பெயர் நிற்கிறது.

பெயர் நிற்காதவர்களும் உண்டு. சோட்டாநாகபுரிக் காடுகளில் முண்டா, ஒராவோன் முதலிய பழங்குடி மக்களே தலைமுறை தலைமுறையாக அரக்கைச் சேகரித்துவந்தனர். கிளையோடு ஒட்டியிருப்பது கொம்பரக்கு. அதை இடித்து, நீரில் அலசிச் சிவப்புச் சாயத்தை நீக்குவர். எஞ்சிய மணிகளை நீண்ட துணிப்பையில் இட்டுக் கரிநெருப்பின்முன் பிடித்து முறுக்குவர். துணியின் இழைகளூடே கசிந்துவரும் அரக்கைப் பரப்பி, அது ஆறுவதற்குள் கைகளாலும் கால்களாலும் பற்களாலும் பற்றி இழுத்து மெல்லிய தகடாக்குவர். நெருப்பருகே அனலில் வெந்து செய்யும் வேலை அது. தகட்டை நொறுக்கினால் அவல் போன்ற செதில்கள் கிடைக்கும். அதனால் அவலரக்கு என்று பெயர்.

ஒரு காலத்தில் அரக்கின் சாயத்துக்கே மதிப்பு மிகுதி. கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் துணிச் சாயமாக ஏற்றுமதி செய்தது. 1856-இல் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டபின் வந்த ஆண்டுகளில் அந்த வணிகம் சாய்ந்தது. ஆனால் பிசினின் தேவை அதற்குள் பெருகிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் பரவிய ஒரு புதிய முறையே அதற்கு முதற்காரணம். அரக்கைச் சாராயத்தில் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்துத் துணியால் கட்டிய உருண்டையில் ஊற வைத்து, மரத்தின்மேல் வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான முறை தேய்ப்பது அம்முறை. அதுவே ‘பிரெஞ்சு பாலிஷ்’. நம் காட்டுப் பொருள், நம் பழங்குடியினர் உழைப்பு, அயலார் பெயரோடு நம் ஊர்த் தச்சரிடமே திரும்பி வந்தது. இதே அரக்குதான் 1890-களின் நடுவிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் கிராமபோன் இசைத்தட்டுகளாகவும் சுழன்றது. ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் அரக்கு ஆராய்ச்சிக்கென 1924-இல் தொடங்கப்பட்ட நிலையம், பெயர் மாறினாலும் இன்றும் இயங்கிவருகிறது.

அவிழ்க்கக்கூடிய முடிச்சு

ஆசாரி தம் விரலில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, பின்காலின் உட்புறத்தில் ஒரு நிமிடம் வைத்தார். பழுப்புநிறம் இளகி விரலில் ஒட்டியது. “உயிரோட இருக்குய்யா” என்றார்.

அவர் கூறிய அந்தச் சொல்லில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது. அரக்குப் பூச்சு, சாராயம் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. வேறொரு பொருளாக மாறுவதில்லை. ஆகவே பல்லாண்டுகள் கழித்தும் ஸ்பிரிட் பட்டால் பெரும்பாலும் மீண்டும் இளகும். புதிய அரக்கைப் பூசினால் பழையதோடு ஒன்றாகக் கலந்துவிடும். அதற்கு வலிமை குறைவு என்பதும் உண்மையே. சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். தண்ணீர் தேங்கினால் வெளுக்கும். ஆனால் விழுந்த இடத்தை மட்டும் செப்பனிடலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை.

மரத்தை இணைத்த பசையும் அத்தகையதே. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரம், வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். ஆட்டம் கண்ட காலை ஆசாரி வெந்நீர்த்துணி சுற்றிச் சிறிது நேரத்தில் கழற்றினார். பழைய துளையில் முளை முறியவில்லை. தூய்மை செய்து மீண்டும் வச்சிரம் இட்டுப் பூட்டினார். 1959-இல் வந்த பெவிகால் போன்ற செயற்கைப் பசைகளால் நம் தச்சருக்குப் பெரும் வசதி உண்டாயிற்று, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றால் ஒட்டிய இணைப்பை இவ்வளவு எளிதாகப் பிரிக்க முடிவதில்லை. பல நேரங்களில் மரமே முறிகிறது. தாத்தாவின் தச்சர், தமக்குப் பின் வேறொருவர் வந்து பழுதுபார்ப்பார் என்று எண்ணியே வேலை செய்திருக்கிறார். தம் வேலை இறுதியானது என்று அவர் கருதவில்லை.

அதன்பின் நான் வேலை செய்யும் முறையே மாறியது. உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் வண்ணநீக்கி தடவி, இரும்புத் தகட்டுக்குப் பதிலாக மழுங்கிய மரச்சீவலால் வழித்து, பழுப்பு தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். எஞ்சியிருந்த பழைய அரக்கை ஸ்பிரிட் பஞ்சால் மெல்ல ஒற்றிச் சமன் செய்தேன். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறத்தாழ 200 கிராம் அவலரக்கு இட்டு ஓர் இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டினோம். தேவைக்குமட்டுமே கரைக்க வேண்டும். பல மாதம் கிடந்த கரைசல் சரியாக உலராது. ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அருகில் அடுப்போ விளக்கோ ஆகாது. மழைநாளில் பூசினால் காற்றின் ஈரத்தால் வெண்மை படரும். மெல்லிய பூச்சு, காத்திருத்தல், மீண்டும் மெல்லிய பூச்சு. வேலையில் பாதி காத்திருத்தலே.

வலது கைப்பிடியில் பச்சை நீங்கியபோது, நுனியில் சிறு பள்ளம் ஒன்று தெரிந்தது. தாத்தா பாக்குவெட்டியை ஊன்றிப் பாக்கு வெட்டிய இடம் அது. பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்துவிடவா என்று நான் கேட்டேன். ஆசாரி சிரித்துக்கொண்டே, “அதையும் எடுத்துட்டா, இது யார் நாற்காலி ஐயா?” என்றார்.

வேலை முடிந்தபின், தொண்ணூறை நெருங்கிய என் அத்தை அதைப் பார்க்க வந்தார். நெடுநேரம் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு கேட்டார்: “இடது கையில உங்கப்பா சின்னப் பிள்ளையில ஆணியால கீறின ‘அ’ இருந்திச்சே, பார்த்தியாப்பா? அதுக்காகத் தாத்தாகிட்ட அடி வாங்கினான்.”

நான் பார்க்கவில்லை. அரை நாளில் முரட்டு உப்புத்தாளால் தேய்த்துத் தள்ளியது அதைத்தான். என் தந்தையார் எழுதக் கற்ற முதல் எழுத்து, தூசியாகப் போயிற்று. அவர் பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே வார்னிஷ் பூசியிருந்தது ஏன் என்று அன்றைக்கே நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பழைய கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் பேணுவோர் 1964-இல் வெனிசில் கூடி ஒரு சாசனம் வகுத்தனர். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. புதிதாகச் சேர்ப்பது புதிது என்று தெரியும்படி இருக்க வேண்டும் என்பதும் அதன் கருத்து. பேராலயங்களுக்கு உரிய அந்த நெறி, ஒரு பிரம்பு நாற்காலிக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். புதுப்பித்தல் என்பது புதிது ஆக்குதலன்று. முந்தியவர் செய்ததை அறிந்து, பழுதானதை மட்டும் செப்பனிட்டு, அடுத்தவர் திருத்துவதற்கு இடம் விட்டு விலகுதல். மரத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? வீட்டு வழக்கங்களையும் பழைய உறவுகளையும் நாம் சீர்செய்யப் புகும்போதும், கையில் எடுப்பது முரட்டு உப்புத்தாளா, நனைத்த பஞ்சா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இடது கைப்பிடிக்குச் சாயம் ஏற்றி வலதுபோல் கறுக்கச் செய்துவிடலாம் என்று பிள்ளைகள் யோசனை கூறினர். நான் உடன்படவில்லை. அந்த ‘அ’வை மீண்டும் கீறி வைக்கவும் எனக்கு உரிமை இல்லை. அதன் மேல் அரக்கு மட்டும் பூசினேன். நாற்காலி இப்போது முன்தாழ்வாரத்தில் இருக்கிறது. வலது கை கறுத்தும் இடது கை வெளுத்தும் இருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு நான் இரண்டு கைகளின் கதையையும் சொல்கிறேன்.